"பால் பத்தல" என்று யார் சொன்னது?

பிரசவமான மூன்றாம் நாள். தங்கையின் குழந்தை விடாமல் அழுதது. "பச்சப்புள்ள பசியில கத்துது, ஒனக்குப் பால் பத்தலம்மா" என்றார் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த அம்மா. அரைமணி நேரத்தில் மாப்பிள்ளை பவுடர் டப்பாவோடு வந்து நின்றார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பல வீடுகளில் தாய்ப்பால் நின்றுபோவது இப்படித்தான் தொடங்குகிறது.

பிறந்த அன்று குழந்தையின் வயிறு கோலிக்குண்டு அளவுதான். கொஞ்சம் சீம்பாலே அதற்குப் போதும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பால் நன்றாக இறங்கும். அறுவைசிகிச்சைப் பிரசவத்தில் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டிப்பாலில் வயிறு நிறைந்த குழந்தை சப்பாது. சுரப்பு குறையும். 'பத்தல' என்ற சொல் அப்படியே பலித்துவிடும். அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உண்மையிலேயே சுரப்பு குறைந்த தாய்மார்களும் உண்டு. மருத்துவர் சொல்லிப் பவுடர் பால் கொடுப்பதில் குற்றவுணர்வு வேண்டாம்.

தங்கைக்குக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. இரவுப் பணிக்கு வந்த செவிலியர் குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பிப் பிடித்தார். வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்போடு அதைச் சுற்றிய கருவட்டமும் உள்ளே போகும்படி வைத்தார். முகவாய் மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடிந்தது. வலி தணிந்ததை அவள் முகத்திலேயே பார்த்தேன். பத்து நிமிட வேலை. இதை ஏழாம் மாதப் பரிசோதனையிலேயே, மாமியாரையும் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லித் தந்திருக்கலாம். தாய்ப்பால் பற்றிய சுவரொட்டி இந்த வேலையைச் செய்யாது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் சுமார் 55 சதவீதம். நாடு முழுவதும் 64 சதவீதம். ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்துக்கு இது குறைவு. தாய்ப்பால் மட்டும் என்றால், ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம், வெயில் காலத்திலும். சேனை என்று தேனைத் தொட்டு வைப்பது ஆபத்து. ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. இரண்டு வயதுவரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்வதும், தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். 2003-இல் அதை மேலும் இறுக்கினார்கள். வார்டுக்குள் யாராவது மாதிரி டப்பா நீட்டினால் வாங்காமல், கண்காணிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. திரும்பி வந்தபின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இருமுறை பாலூட்ட இடைவேளை கேட்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். மறுத்தால் தொழிலாளர் துறையில் முறையிடலாம்.

கட்டட வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுக்கு இந்த விடுப்பும் இடைவேளையும் பெரும்பாலும் எட்டுவதில்லை. எனக்கு ஆற்றாமை அதில்தான். அவர்களுக்கு இப்போதைக்கு உதவுவது கைப்பழக்கம்: கையை நன்றாகக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி வைத்துப் போகலாம். நிழலான, குளிர்ச்சியான இடத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். வீட்டிலிருக்கும் பாட்டி புட்டியைத் தேட வேண்டாம், பாலாடை போதும்.