சபையைத் தொடங்கினவரும் தொடர்கிறவரும்

கிறிஸ்தவ சபை வாழ்வில் புதியதொரு வடிவத்தைத் தொடங்கிவைப்பதற்கு எத்தகைய தலைமை வேண்டும் என்பதைக் குறித்து மேல்நாடுகளில் இப்போது பெரும் விசாரணை நடந்துவருகிறது. இங்கிலாந்துத் திருச்சபையார் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் அறிக்கைக்குப் பின், காப்பிக் கடையிலும், பள்ளிக்கூட அறையிலும், பெற்றோரும் பிள்ளைகளும் கூடிப் படம் வரைந்து உணவருந்தும் பொதுக்கூடத்திலும் ஆராதனை நடத்தும் முயற்சிகள் அங்கே பெருகியிருக்கின்றன. அவற்றைப் பற்றிப் படிக்குந்தோறும், அவர்கள் இன்று எழுப்பும் வினாக்களில் முக்கியமானவற்றை நம்மவர் சிலர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பி, அவற்றுக்குத் தங்கள் ஜீவியத்தாலேயே விடையும் எழுதிவிட்டுச் சென்றிருக்கிறார்களே, அதை நாம் எடுத்துப் பாராமல் இருக்கிறோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டாகிறது.

ஜோலார்ப்பேட்டைக்கு அடுத்து, ஏலகிரிக்கும் சவ்வாது மலைக்கும் இடையே இருக்கும் திருப்பத்தூரை முதலில் சொல்லவேண்டும். பிரிட்டனில் மருத்துவம் கற்ற சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழரும், செல்வக் குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காத்லாந்து மருத்துவரும் நண்பர்களாகி, மிஷன் பங்களாவின் சுவர்களுக்குள் இருந்துகொண்டு இந்நாட்டு மக்களின் மனத்தை எட்ட இயலாது என்று கண்டுகொண்டு, 1921-இல் அவ்வூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்தனர். கதராடை, மரக்கறி உணவு, பிரம்மசரிய விரதம், சம்பளமில்லாத சேவை, ஏழைகளுக்கு வைத்தியம் ஆகிய இவையே அவர்கள் கொண்ட நியமங்கள். அங்கே அவர்கள் எழுப்பிய ஜெபாலயத்தைக் காணச் செல்பவர், கோபுரத்தையும் கல்தூண்கள் வரிசையாக நிற்கும் மண்டபத்தையும் கண்டு, தாம் வேறோர் இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தயங்குவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே சென்று, பெஞ்சு ஒன்றும் இல்லாத தரையில் சம்மணமிட்டு அமர்ந்த பிறகு அந்தத் தயக்கம் தானே நீங்கிவிடும்.

அந்தக் கட்டடத்தைப் புகழாதார் இல்லை, புகழத்தக்கதுதான். ஆயினும் அதனினும் பெரிய காரியமாக எனக்குத் தோன்றுவது, அந்த ஆசிரமத்தில் தமிழரான ஜேசுதாசன் ‘பெரியண்ணன்’ என்றும், ஸ்காத்லாந்துக்காரரான பேட்டன் ‘சின்னண்ணன்’ என்றும் அழைக்கப்பட்டனர் என்பதே. வெள்ளைத் துரை நாற்காலியில் அமர்ந்திருக்க உபதேசியார் கைகட்டி நின்ற காலம் அது. அந்தக் காலத்தில், பணமும் வெள்ளை நிறமும் அரசாங்கத்தின் மதிப்பும் தம் பக்கமிருந்த ஒருவர், தம்மோடு தொடங்கிய வேறொருவருக்கு முதலிடத்தை மனமாரக் கொடுத்துவிட்டு, ஊராரும் நோயாளிகளும் தம்மை இளையவரென்று கூப்பிடும்படி வாழ்நாள் முழுதும் இருந்தார் என்றால், புதிய சபையைத் தொடங்குகிறவனுக்கு வேண்டிய முதல் தகுதி இன்னதென்பதை அதைவிடத் தெளிவாக எவரும் காட்டிவிட முடியாது.

எனினும் அந்த ஆசிரமத்தை நினைக்கும்போது ஒரு கவலையும் கூடவே வருகிறது. பிரம்மசரியத்தையும் சம்பளமில்லாத சேவையையும் ஆயுட்கால விரதமாக ஏற்று அங்கேயே நிலைத்தவர்கள் சிலரே. பெரியண்ணன் 1969-இலும் சின்னண்ணன் 1970-இலும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தார்கள். ஆசிரமம் இன்றும் இருக்கிறது. ஆயினும் அவ்விருவரின் காலத்தில் நாடெங்கும் உள்ள கிறிஸ்தவ இளைஞரின் கவனத்தைத் தன்பால் ஈர்த்த அந்தப் பெருவேகம் அவர்களோடு ஓய்ந்துவிட்டது. காவிரிக் கரையில், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் தோன்றிய சாந்திவனம் என்ற ஆசிரமத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஸ்தாபகர்களான இரண்டு பிரெஞ்சுக் குருக்களில் மோன்ஷனன் 1957-இல் பாரீசில் காலமானபோது அங்கே நிலையாகத் தங்கிய சீடர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மற்றவரான அபிஷிக்தானந்தரும் 1968-இல் இமயத்தை நோக்கிப் போய்விட்டார். கேரளத்துக் குருசுமலையிலிருந்து அதே ஆண்டில் பீட் கிரிபித்ஸ் என்ற துறவி வந்து பொறுப்பேற்றதனால் ஆசிரமம் பிழைத்தது. வராதிருந்தால் அந்தத் தோப்பிலே குடிசைகள்தாம் மிஞ்சியிருக்கும்.

ஆகவே, ‘தொடங்கியவருக்குப் பின் யார்?’ என்ற கேள்வியைப் பின்னாளில் யோசித்துக்கொள்ளலாம் என்று எவரும் ஒத்திப்போடலாகாது. தொடங்கும் நாளிலேயே அதற்கு விடை காணவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அப்படி விடை கண்ட ஒருவரையும் தமிழ்நாடு பெற்றிருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற தேரிக்காட்டுச் சிற்றூரில், கிராமத்துக் குருவானவர் ஒருவரின் மகனாக 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாக 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தங்கள் சொந்தப் பணத்தில், கடல் கடந்து நம் தொண்டிக் கரையில் ஊழியம் நடத்திவருவதைக் கண்டபோது அவருக்கு ஏற்பட்ட வெட்கம் சாமானியமானதன்று. நூறாண்டாகச் சுவிசேஷம் கேட்ட திருநெல்வேலியார், அயல்நாட்டார் அனுப்பும் பணத்தையும் ஆட்களையும் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறோமே என்று அவர் தம் நண்பர்களிடம் பேசிப் பேசி, மறு ஆண்டே, அதாவது 1903-இல், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. 1905-இல் செராம்பூரில் கூடித் தேசிய மிஷனெரி சங்கத்தை அமைத்தவர்களிலும் அவர் முன்னணியில் இருந்தார்.

பணம் எங்கிருந்து வந்தது? பெரிய நன்கொடையாளர் எவரும் இல்லை. திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளில் உலை கொதிக்கும்போது, அரிசியைக் களைந்து போடுமுன் ஒரு பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருக்கும் தனிக் கலயத்தில் போட்டுவைப்பதும், கலயம் நிறைந்ததும் அதைச் சபைக்குக் கொண்டுபோய் அளந்து ஏலம் விட்டுக் கிடைத்த காசை ஊழியத்துக்கு அனுப்புவதும் அக்காலத்தில் வழக்கம். இந்தப் பிடியரிசி இன்றும் பல சேகரங்களில் எடுக்கப்படுகிறது. பனங்காட்டில் வயிறு நிறைய உண்ணாத குடும்பத்துத் தாய்மார் தங்கள் சோற்றிலிருந்து குறைத்துக்கொண்ட அந்தப் பிடிகள்தாம், தாங்கள் ஒருநாளும் பாராத தெலுங்கு நாட்டில் ஊழியர்களைத் தாங்கின. கொடுத்தவர்கள் ஒரு தனி மனிதரை நம்பிக் கொடுக்கவில்லை. தங்களுடையதென்று தாங்கள் கருதிய ஒரு வேலைக்குக் கொடுத்தார்கள். முன்னோடி இறந்தாலும் கலயம் நிறைந்துகொண்டேயிருந்ததற்குக் காரணம் அதுவே.

திருநெல்வேலிச் சங்கத்தின் ஊழிய வயல் நிஜாம் சமஸ்தானத்தைச் சேர்ந்த டோர்ணக்கல். பிறரை அங்கே போகச் சொல்லிக்கொண்டிருந்த அசரியா, தாம் சொல்வதைத் தாமே செய்யாதிருப்பது தகாது என்று உணர்ந்து, காரியதரிசி என்ற கௌரவமான பதவியை விட்டுவிட்டு, 1909-இல் தெலுங்கு கற்றுக்கொண்டு அங்கே குடியேறினார். கல்லூரிப் படிப்பை எட்டிய தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முற்பட்டவருள் ஒருவரான அவர் மனைவி அன்பு மாரியம்மாளும் உடன் சென்றார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானதைப் பாடப்புத்தகங்களும் சொல்லுகின்றன. அதற்குப் பின் அவர் செய்ததை யாரும் அவ்வளவு சொல்வதில்லை.

மாலா, மாதிகா என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த மக்கள் திரள்திரளாகச் சபையில் சேர்ந்தபோது, அவர்களைத் தமக்குக் கீழ்ப்பட்ட மந்தையாக வைத்துக்கொள்ள அவர் இசையவில்லை. ஞானஸ்நானம் பெறுகிறவன் ஒவ்வொருவனும் தன் கையைத் தன் தலைமேல் வைத்து, பவுல் அப்போஸ்தலரின் வாக்கை ஒட்டி, இந்தச் செய்தியைப் பிறருக்குச் சொல்லும் கடமை தன்மேல் விழுந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. நேற்றுவரை மேல்சாதிக்காரர் தெருவில் வாய்திறக்கவே அஞ்சிய கூலியாள், சபையில் சேரும் அந்த நாளிலேயே சொல்லுகிறவனாகவும் ஆகிவிடுகிறான்! ஊழியப் பயிற்சிக்கு வரும் ஆண்களோடு அவர்களுடைய மனைவியரும் வந்து கற்கவேண்டும் என்றார்; கிராமத்துக்குத் திரும்பிப் போகிறவர்கள் இருவராகப் போகட்டும், ஒருவர் நோயுற்றால் மற்றவர் நடத்தட்டும் என்பது அதன் நோக்கம். 1919-இல் தரங்கம்பாடியில் முப்பத்துமூன்று பேர் கூடிச் சபை ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தபோது அதில் அவர் கை முக்கியமானது. 1945-ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் கண்மூடினார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பரில், அவர் இல்லாமலே, சென்னையில் பிறந்தது. அவர் மறைந்தபோது அவருடைய மேற்றிராசனத்தில் இருந்த விசுவாசிகள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களை நடத்தக் கிராமந்தோறும் அவர்களிலிருந்தே எழுந்தவர்கள் இருந்தார்கள்.

இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, நம் ஊர்களில் இன்று தோன்றும் புதிய சபைகளைப் பார்க்கிறேன். தறிப்பட்டறையின் மாடியில் தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கீபோர்டு, ஒலிபெருக்கி இவற்றோடு தொடங்கும் சபைகள், பெரிய சபைகள் எட்டிப் பாராத குப்பங்களுக்கும் புறவழிச்சாலைக் குடியிருப்புகளுக்கும் சென்று, குடியில் கிடந்தவனை எழுப்பி நிறுத்தியிருக்கின்றன. இதை மறுப்பவர் உண்மையை மறுப்பவரே. ஆனால் அவற்றில் பலவற்றிலே பிரசங்கம் செய்பவரும், காணிக்கை எண்ணுபவரும், நோயாளிக்கு எண்ணெய் பூசுபவரும், கணக்கெழுதுபவரும் ஒருவரே. அப்படிப்பட்ட ஒரு சபைக்கு ஒரு ஞாயிறு காலையில் நான் சென்றிருந்தேன். பாஸ்டர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். மாடிப்படிகளில் நாற்பது பேர் வேதாகமத்தைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள், கதவுக்குப் பூட்டு, சாவி பாஸ்டரிடம். வயதான அம்மாள் ஒருவர் ஒரு பாட்டைத் தொடங்க, மற்றவர் தயங்கித் தயங்கிச் சேர்ந்தார்கள். பிறகு அவரும் நிறுத்திவிட்டு, “யாராவது ஜெபம் பண்ணுங்களேன்” என்றார். யாரும் முன்வரவில்லை. பத்து ஆண்டுகள் வாரந்தவறாமல் பிரசங்கம் கேட்டவர்கள் அவர்கள்!

இதில் என்னை வருத்துவது அவர்களுடைய கூச்சம் அன்று. பத்து ஆண்டில் அவர்களில் ஒருவரையேனும் ஒருநாளேனும் நடத்தவிட்டுப் பார்க்கவேண்டும் என்று தொடங்கியவருக்குத் தோன்றாததே என்னை வருத்துகிறது. அவர் கெட்டவர் அல்லர். இரவு பகல் பாராமல் உழைத்தவர். உழைப்பு முழுவதும் தம் கையாலேயே நடக்கவேண்டும் என்ற அந்தப் பழக்கந்தான் நாளடைவில் சபையைத் தம்முடையது என்று எண்ணச்செய்கிறது; நிலத்தின் பத்திரம் தம் பெயரில் இருப்பது இயல்பாகத் தோன்றுகிறது; தமக்குப் பின் மகன், மகனுக்கு விருப்பமில்லாவிட்டால் மருமகன் என்று முடிவு செய்வதும் இயல்பாகவே தோன்றுகிறது. பிறகு ஒரு நாள் அடக்க ஆராதனை முடிந்த கையோடு, கல்லறை மண் காய்வதற்குள், பங்காளிகள் வக்கீலைத் தேடிப் போகிறார்கள். ஜனங்கள் எங்கே போவார்கள்?

பழைய சபைகளில் மட்டும் தேர்தல் சச்சரவும் சொத்து வழக்கும் இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கின்றன, அதற்காக வெட்கப்படுகிறேன். ஆயினும் அங்கே வழக்குத் தொடுக்கவாவது ஒரு விதியும், கணக்குக் கேட்கவாவது ஒரு கூட்டமும் உண்டு. தனி மனிதர் ஒருவரின் குரலைச் சுற்றி வளர்ந்த சபையில் கணக்குக் கேட்பவன் கலகக்காரன் ஆகிவிடுகிறான். மேல்நாட்டு முயற்சிகளைப் பற்றிய நூல்களைத் தருவித்துப் படிக்கும் நம் இளைஞரும், சபைக்குப் புதிய இடமும் புதிய இசையும் தேடுவதில் காட்டும் சிரத்தையில் நாலில் ஒரு பங்கையேனும் ‘பின் யார்?’ என்ற இந்தக் காரியத்தில் காட்டக் காணோம்.

மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு சிறு சபை இருக்கிறது. தொடங்கியவர் மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் ஊரில் இருந்துகொண்டே பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ள, தையற்காரர் ஒருவரோ, சத்துணவு சமைக்கும் ஒரு பெண்ணோ ஆராதனையை நடத்துகிறார்கள். “தப்புத் தப்பாகத்தான் சார் பேசுகிறோம், ஐயா அன்றைக்கு ஒன்றும் சொல்லமாட்டார், திங்கட்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்துவிட்டுச் சொல்லுவார்” என்று அந்தத் தையற்காரர் என்னிடம் சொன்னார். கணக்கு நோட்டை இரண்டு பெண்கள் வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் எல்லாரும் கேட்க வாசிக்கிறார்கள். எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. விடைபெறும்போது, ஜெபவீடு நிற்கும் ஐந்து சென்ட் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பெரியவரைக் கேட்டேன். தம் பெயரில்தான் இருக்கிறது, சபையின் பெயருக்கு எழுதிவைக்கவேண்டும், பிள்ளைகளிடம் இன்னும் பேசவில்லை என்றார். இந்த வாரமே பேசிப் பத்திரப் பதிவுக்குப் போய்விடுங்கள் ஐயா என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தேன்.