கால் வலி ஆறும், நெஞ்சு வலி ஏன் ஆறாது? மூன்று வகைத் தசைகள் பற்றி ஒரு குறிப்பு

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்ததும் கல்வராயன் மலைப்பாதை ஆரம்பமாகிவிடும். மலையில் நடந்து ஏறி இறங்கிவிட்டு வருபவர்கள் மறுநாள் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "தொடையெல்லாம் வலி, உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியல" என்பது ஒன்று. "ஏறும்போது நெஞ்சை அடைச்ச மாதிரி இருந்துச்சு, நின்னதும் சரியாயிடுச்சு, கேஸா இருக்கும்" என்பது இன்னொன்று.

முதல் வலிக்கு நாலு நாள் பொறுத்தால் போதும். இரண்டாவதை அப்படி விட முடியாது. காரணம், இரண்டும் வெவ்வேறு வகைத் தசைகள். அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் வித்தியாசம் தானாகப் புரியும்.

எல்லாத் தசைக்கும் எஞ்சின் ஒன்றுதான். ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகைப் புரத இழைகள். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும்போது தசை சுருங்குகிறது. இதை 1954இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து, நேச்சர் இதழின் ஒரே இதழில் வெளியிட்டன. இரண்டு குழுவிலும் ஒரு ஹக்ஸ்லி இருந்தார், ஆனால் இருவரும் உறவினர் இல்லை! சுருங்கச் சொல்லும் சிக்னல் எல்லாத் தசையிலும் கால்சியம். எஞ்சின் ஒன்று, வயரிங் வேறு. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஒரே லைப்ரரியை வைத்து எழுதிய மூன்று புரோகிராம்கள்.

எலும்புத் தசை

மலை ஏறுவது இதுதான். உடல் எடையில் சுமார் 40 சதவீதம் இந்தத் தசை. பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவானதால் ஒவ்வொரு இழையும் மிக நீளம், ஒரே இழைக்குள் நூற்றுக்கணக்கில் உட்கரு இருக்கும். ஆக்டினும் மயோசினும் வரிசையாக அடுக்கியிருப்பதால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வரி வரியாகத் தெரியும். அதனால்தான் பள்ளிப் புத்தகத்தில் வரித்தசை என்று படித்தோம்.

நரம்பிலிருந்து உத்தரவு வராமல் இது சுருங்காது. "நம் இஷ்டப்படி இயங்கும் தசை" என்பார்கள், ஆனால் அது முழு உண்மை இல்லை. வெள்ளிமலைக் குளிரில் உடம்பு நடுங்குவதும் எலும்புத் தசையின் வேலைதான். அதை யாரும் இஷ்டப்பட்டுச் செய்வதில்லையே.

ஏறும்போது மூச்சு வாங்கினாலும், மறுநாள் தொடை வலிப்பது இறங்கியதால்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை உடல் எடையைப் பிடித்துக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. இப்படி இழுபடும்போது இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். "லாக்டிக் அமிலம் தேங்கிடுச்சு" என்று சொல்வது வழக்கம், ஆனால் அது சுமார் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். வலியோ ஒன்று முதல் மூன்று நாளில்தான் உச்சத்துக்கு வரும்.

மென்தசை

வரி கிடையாது. இரண்டு பக்கமும் கூரான சின்னச் சின்னச் செல்கள், செல்லுக்கு ஒரே உட்கரு. குடல், சிறுநீர்ப்பை, கருப்பை, மூச்சுக்குழல், ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதே குளிரில் மயிர்க்கூச்செறிவதும் இதனால்தான். நம் உத்தரவை இது கேட்காது. மெதுவாகச் சுருங்கும், ஆனால் மிகக் குறைந்த சக்தியில் நீண்ட நேரம் பிடித்து நிற்கும்.

மலை ஏறுபவரின் உடம்பில் இதற்கும் பெரிய வேலை இருக்கிறது. காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரிய, குடலுக்குப் போகும் குழாய்கள் சுருங்கும். ஓய்வில் இருக்கும்போது எலும்புத் தசைகளுக்குப் போகும் ரத்தம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். கடும் உழைப்பில் அது 80 சதவீதத்தைத் தொடும். இந்த டிராபிக்கை மாற்றிவிடுவது மென்தசைதான்.

இதயத் தசை

இது இரண்டின் கலவை. எலும்புத் தசை மாதிரி வரி உண்டு, மென்தசை மாதிரி நம் உத்தரவைக் கேட்காது. செல்கள் கிளை பிரிந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும். இணைப்புகளில் இருக்கும் நுண்துளைகள் வழியாக மின்சிக்னல் அடுத்த செல்லுக்குப் பாய்வதால், முழு அறையும் ஒரே தசையாகத் துடிக்கும். தாளத்தையும் இதயமே உருவாக்கிக்கொள்கிறது, நரம்பு அதைக் கூட்டவோ குறைக்கவோ மட்டும் செய்யும்.

இதயத்துக்குத் தசைப்பிடிப்பு வராது. ஒரு துடிப்பு முடியும்வரை அடுத்த உத்தரவை அது ஏற்காது. ஏற்றால், இறுகிய நிலையிலேயே நின்று ரத்தம் ஓடாமல் போய்விடும்.

ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு. அதனால் இதயச் செல்லின் கனஅளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். ரத்தத்தில் வரும் ஆக்சிஜனில் எலும்புத் தசை ஓய்வில் கால் பங்குதான் எடுக்கும், தேவை கூடினால் மிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதயம் சும்மா இருக்கும்போதே முக்கால் பங்கு எடுத்துவிடுகிறது. அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். குழாயில் அடைப்பு இருந்தால் ஏற்றத்தில் அது பற்றாது. நெஞ்சு அடைக்கும். நின்றால் தேவை குறையும், வலியும் அடங்கும். நின்றதும் சரியானது நல்ல அறிகுறி இல்லை, எச்சரிக்கை.

அதைக் கேஸ் என்று நினைப்பதற்கும் காரணம் உண்டு. இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வரும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே பகுதியில் சேர்கின்றன. வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையாலேயே சரியாகப் பிரிக்க முடியாது.

பழுது பார்ப்பது யார்?

எலும்புத் தசை இழைகளின் ஓரத்தில் சாட்டிலைட் செல்கள் காத்திருக்கும். அலெக்சாண்டர் மவுரோ 1961இல் தவளைத் தசையில் இவற்றைக் கண்டார். சேதம் நடந்தால் இவை பெருகி இழையைச் சரிசெய்யும். மென்தசைச் செல்களாலும் பெருக முடியும்.

இதயத் தசைக்கு இந்த வசதி அநேகமாக இல்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்து, ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009இல் இதயச் செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதச் செல்கள்தான் புதிதாகின்றன, 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. செத்த இடத்தில் தழும்புதான் வரும். தழும்பு துடிக்காது.

ரத்தம் முழுதாக நின்றால் அரை மணி நேரத்திலேயே இதயச் செல்கள் சாகத் தொடங்கும், அடுத்த சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். மலைக் கிராமத்திலிருந்து கீழே இறங்கி, கள்ளக்குறிச்சிக்கோ சேலத்துக்கோ போய்ச் சேரும் நேரத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் தர்க்கம் இதுதான். மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் டோஸைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். முதல் இரண்டும் ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுத்து, அடைப்பு பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளும்.

ஏற்றத்தில் வந்து, நின்றால் போகும் நெஞ்சு இறுக்கம் யாருக்காவது இருந்தால், சோடா குடித்துவிட்டு மறக்க விடாதீர்கள். இசிஜி எடுத்து டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நின்ற பிறகும் வலி விடவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது என்றால் அவரை நடக்க விடாமல் உட்கார வைத்து, 108ஐ அழையுங்கள்.