தள்ளாத வயது - 11: தொண்ணூறில் எடை தூக்கியவர்கள்

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையை இந்த வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன், போன இதழிலிருந்து இரண்டு வரி. தானாக எடை குறைவது, அயர்ச்சி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது என்று லிண்டா ஃபிரைட் 2001-இல் வகுத்த ஐந்து அடையாளங்களில் மூன்று சேர்ந்தால் தள்ளாமை. இது நினைவிருந்தால் போதும்.

அறுவைச் சிகிச்சைக்காகப் படிக்க உட்கார்ந்தபோது 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரை கையில் சிக்கியது. வாரம் முழுக்க அதை விட்டு நகர மனம் வரவில்லை.

பாஸ்டன் நகரில் முதியோருக்கான ஹீப்ரூ மறுவாழ்வு மையம். அங்கேயே தங்கியிருந்த பத்துப் பேரை மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். சராசரி வயது 90. தளர்ந்துபோனவர்கள். இப்படிப்பட்டவர்களை உட்காரவைத்துக் கைகாலை மெல்ல அசைக்கச் சொல்வதுதான் வழக்கம். ஃபியாடரோன் எடை தூக்கச் சொன்னார். முழங்காலை நீட்டி ஒரே ஒரு முறை அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடிகிறது என்று ஒவ்வொருவருக்கும் அளந்தார்கள். பிறகு படிப்படியாக அதில் 80 சதவீதம் வரை ஏற்றினார்கள். வாலிபர்கள் ஜிம்மில் தூக்கும் கணக்கு இது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு காலுக்கும் எட்டு முறை வீதம் மூன்று சுற்று. அவசரம் கிடையாது, ஒரு முறை தூக்கி இறக்க ஆறு முதல் ஒன்பது விநாடி.

எட்டு வாரத்தை ஒன்பது பேர் முடித்தார்கள். தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. பத்துக் கிலோ தூக்கியவர் இருபத்தேழு கிலோ தூக்குகிறார் என்று கணக்கு. நடுத்தொடையில் தசையின் பரப்பே 9 சதவீதம் பெருத்திருந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். நாற்காலியில் கையூன்றாமல் எழ முடியாதிருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்றார். தொண்ணூறு வயதில்!

அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும் மூட்டுத் தேய்மானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? முழங்கால் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போது அழுந்தி, காலைத் தூக்கும்போது விரிந்து, ஸ்பாஞ்சைப் போல மூட்டுத் திரவத்தை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் அதன் ஊட்டம் குறைகிறது. கூடவே தொடைத் தசை மெலிகிறது. தசை தாங்கிய அதிர்வும் மூட்டின் மேலேயே விழ, வலி கூடுகிறது. இன்னும் அதிக நேரம் உட்காருகிறார்கள். நடை மெதுவாகி, நடமாட்டம் சுருங்கி, ஃபிரைடின் ஐந்தில் இரண்டு இப்படியே வந்து சேர்ந்துவிடுகின்றன.

எங்கள் தெருப் பாட்டி ஒருவருக்கு முட்டித் தேய்மானம். “நீங்க எழுந்திரிக்காதீங்க அத்தை, நான் எடுத்துட்டு வர்றேன்” என்று தண்ணீர்ச் சொம்பைக்கூட மருமகளே கொண்டுவந்து கொடுப்பார். பாட்டி எழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர்வார். இரண்டு உள்ளங்கையும் கைப்பிடியில் ஊன்றும். “முருகா” என்று ஒரு முன்னசைவு, பாதி உயரம், மறுபடி தொப்பென்று உட்காருவார். “முட்டி விடமாட்டேங்குது” என்பார். எழுப்ப வேண்டிய தொடையில் சதையே இல்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஓய்வெடுங்கள் என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒரு சொல் எத்தனை வீடுகளில் எத்தனை பேரை நாற்காலியோடு கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

சத்துபானம் கொடுத்தால் போதாதா? அதையும் ஃபியாடரோன் சோதித்தார். 1994-இல் வெளியான அடுத்த ஆய்வில் நூறு பேர், பத்து வாரம். பயிற்சி செய்தவர்களின் பலம் 113 சதவீதம் கூடியது. செய்யாதவர்களுக்கு வெறும் 3. பயிற்சியில்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு அதனால் பலம் கூடவில்லை. ஆனால் பயிற்சியை நிறுத்தினால் வந்த பலம் தங்காது. முதல் ஆய்வில் நான்கே வாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

வீட்டில் தொடங்க எடையும் வேண்டாம், கருவியும் வேண்டாம். சுவரோடு ஒட்டிப் போட்ட, சற்று உயரமான, கெட்டி நாற்காலி போதும். எழுந்து உட்கார வேண்டும். உட்காரும்போதும் தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கினால்தான் தசைக்கு வேலை கிடைக்கும். ஆரம்பத்தில் கையூன்றலாம், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் பரவாயில்லை; இறங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். முட்டி திடீரென வீங்கிச் சிவந்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ, அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்கட்டும்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி அடுத்த வாரம். அதற்குத் தேதி வாங்கிக் காத்திருப்பவர்கள் அதுவரை நாற்காலியில் காத்திருக்க வேண்டாம். புது மூட்டு வந்தாலும் அதை மடக்கி நீட்டப்போவது இதே தொடைதான்.