பாய்க்கும் செய்கூலி உண்டு

கல்யாணச் சீருக்குப் பாய் எடுக்கக் குளத்தூரிலிருந்து கிளம்பும் குடும்பம் கடையில் முதலில் திகைப்பது விலையைக் கேட்டுத்தான். ஒரு கோரைப் பாய் சில நூறு ரூபாய். அதே நீள அகலத்தில் இன்னொன்று பல ஆயிரம். “ரெண்டும் கோரைதானே அண்ணாச்சி, பார்த்துச் சொல்லுங்க” என்று பேரம் தொடங்கிவிடும்.

ரெண்டும் கோரைதான், பாடுதான் வேறு. திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் அந்த விலை கூடிய ‘பட்டுப் பாய்’க்கான கோரையைக் கிழித்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறிப் புடைத்ததை மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லிசாக வகிர்ந்த பிறகே தறிக்குப் போகும். பாவு பருத்தி நூல், ஊடு கோரை. முரட்டுப் பாய் 50 கவுண்ட் என்றால் பட்டுப் பாய் 100 முதல் 140 வரை. கவுண்ட் ஏற ஏற நெருக்கம் கூடும், பாய் மடித்த மடிப்புக்கு வளையும், நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

உத்தரப் பிரதேசத்தின் பதோஹி கம்பளத்துக்கும் இதே கணக்குதான். விவரம் தெரிந்தவர்கள் கம்பளத்தைப் புரட்டிப்போட்டு, சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணிவிட்டுத்தான் விலை பேசுவார்கள். ஒரு காலத்தில் அந்த முடிச்சுகளில் பல, சின்னப் பிள்ளைகள் போட்டவை. அதைத் தடுக்கத்தான் கைலாஷ் சத்யார்த்தி போன்ற குழந்தை உழைப்பு எதிர்ப்பாளர்களின் முயற்சியில் 1994-இல் ‘ரக்மார்க்’ முத்திரை வந்தது. இப்போது அதற்கு ‘குட்வீவ்’ என்று பெயர்.

கோவில்பட்டிச் சீமைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன காலத்தைக் கரிசல்காட்டுப் பெரியவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். கடையில் நாம் குறைத்த ரூபாய் கடைசியில் யார் கூலியில் கழிந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பத்தமடைப் பாய்க்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். வேறு ஊர்ப் பாயைப் பத்தமடை என்று விற்கவிடாது. நெய்கிற பெண்ணுக்கு இவ்வளவு கூலி என்று அது சொல்வதில்லை.

நகைக்கடையில் செய்கூலியைத் தனியாகப் போடுகிறார்கள். நாமும் கொடுத்துவிட்டு வருகிறோம். பாய்க் கடையிலும் கவுண்ட் எத்தனை, நெய்ய எத்தனை நாள், நெய்தவர் கூலி எவ்வளவு என்று மூன்றையும் சீட்டில் எழுதித் தரட்டும். எழுதத் தயங்கினால் அந்த விலையைச் சந்தேகப்படலாம். எழுதித் தந்தால், கூலியில் கைவைக்காமல் மிச்சத்துக்குத் தாராளமாகப் பேரம் பேசலாம்.