புது வண்டி, இறங்கிய பேட்டரி

நெய்வேலி டவுன்ஷிப்பில் விடியும் முன்பே தெருக்கள் விழித்துவிடும். காலை ஷிப்டுக்குப் போகும் பைக்குகளின் சத்தம் பிளாக் பிளாக்காகக் கடந்துபோகும். அந்த நேரத்தில் ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கிற புதுக் காரை நினைத்துக்கொள்ளலாம். வாங்கி மூன்று மாதம். பூஜை போட்ட அன்று வைத்த சந்தனமும் குங்குமமும் பானெட்டின் ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் இன்ஜின் ஓடவில்லை. உள்ளே எங்கோ "டிக் டிக் டிக்" என்று ரிலே துடிக்கிறது, டேஷ்போர்டு விளக்குகள் மங்கி மங்கி எரிகின்றன, பேட்டரி குறைவு என்று திரையில் ஒரு வரி வருகிறது. வாசலில் இருந்து அம்மா கேட்கிறார்: "புது வண்டிதானப்பா, அதுக்குள்ளயா பேட்டரி போயிடுச்சு?"

பெரும்பாலும் போயிருக்காது. இறங்கியிருக்கும்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இந்த இரண்டு சொற்களையும் கவனமாகப் பிரித்தே சொல்வார்கள். இறங்கிய பேட்டரியில் சார்ஜ் இல்லை, அவ்வளவுதான், ஏற்றினால் எழுந்துவிடும். போன பேட்டரிக்குள் தகடுகளே கெட்டிருக்கும். எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. இறங்கியதை இறங்கியபடியே வாரக்கணக்கில் விட்டால் அதுதான் போன பேட்டரியாக மாறுகிறது. புதுக் காரின் திரையில் வரும் எச்சரிக்கை, இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற அவகாசம்.

அரை யூனிட் கணக்கு

சின்னக் கார்களில் வரும் பேட்டரிகள் பல 35 ஆம்பியர்-மணி அளவு கொண்டவை. அதை 12 வோல்ட்டால் பெருக்கினால் 420 வாட்-மணி. வீட்டு மின்கட்டணக் கணக்கில் அது அரை யூனிட்டுக்கும் குறைவு.

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1962இல் முதல் மின்சாரம் உற்பத்தியான ஊர் நெய்வேலி. இங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஏழு. மொத்தம் 1,470 மெகாவாட். அது முழுத் திறனில் ஓடும்போது ஒரே நொடியில் உண்டாவது சுமார் 408 யூனிட். அதில் இப்படிப்பட்ட கார் பேட்டரிகள் தொள்ளாயிரத்துக்கும் மேல் நிரம்பிவிடும். ஆனால் வாசலில் நிற்கும் காருக்குக் கிடைப்பது அதன் பானெட்டுக்குள் சுற்றும் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரம் மட்டுமே. நம் ஊரில் பலரும் டைனமோ என்று சொல்வது அதைத்தான். இன்ஜின் ஓடினால்தான் அது சுற்றும். சுற்றினால்தான் சார்ஜ் ஏறும்.

இந்த ஏற்பாடு நூறு ஆண்டுக்கும் மேல் பழையது. ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியை 1859இல் பிரான்சில் கஸ்டோன் பிளாந்தே உருவாக்கினார். 1912இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுழற்றித்தான் இன்ஜினை எழுப்ப வேண்டியிருந்தது. நம் பழைய அம்பாசிடர்களிலும் அந்தக் கம்பி இருந்தது. செல்ஃப் எடுக்காத நாளில் அது கைகொடுத்தது. இன்றைய காரில் அப்படி ஒரு மாற்றுவழி இல்லை. கதவைத் திறக்கவும், சாவியை அடையாளம் காணவும், பெட்ரோலை அளந்து விடவும் அந்த அரை யூனிட்தான் வேண்டும்.

எந்த எச்சரிக்கை?

டேஷ்போர்டில் வரும் மூன்று வெவ்வேறு செய்திகளைப் பலரும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலாவது, சாவியின் பேட்டரி பற்றியது. பட்டன் ஸ்டார்ட் கார்களின் சாவிக்குள் காசு போன்ற ஒரு சின்ன 3 வோல்ட் செல் இருக்கும். அதை மாற்றச் சொல்லும் செய்தியைப் பார்த்துவிட்டு, காரின் பெரிய பேட்டரியைக் கழற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது, வண்டி நிற்கும்போதோ ஸ்டார்ட் செய்யும் முன்போ வருகிற பேட்டரி குறைவு என்ற செய்தி. இன்ஜின் ஓடாமல் பாட்டும் ஃபேனும் ஓடினால் வருவதும் இதுதான். சார்ஜ் இறங்கிவிட்டது, இன்ஜினை ஓட்டு என்பதே இதன் பொருள். அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி வடிவத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஆல்டர்னேட்டரில் இருந்து சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். வண்டி பேட்டரியில் மிச்சமிருப்பதை மட்டும் தின்றுகொண்டு ஓடுகிறது. ஏ.சி.யையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, பாதுகாப்பான இடம் வரும்வரை இன்ஜினை அணைக்காமல் போவது நல்லது. அணைத்தால் மறுபடி எழாமல் போகலாம். கூடவே இன்ஜின் வெப்பமும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்புண்டு. பல கார்களில் தண்ணீர் பம்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட்தான் என்பதால், அப்போது உடனே ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும்.

மின்சாரம் எங்கே போகிறது?

பூட்டிய கார் முழுவதுமாகத் தூங்குவதில்லை. அலாரம், கடிகாரம், சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், செல்போனோடு பேசும் சிம் கருவி எல்லாம் ஒரு கண்ணை மூடாமல் வைத்திருக்கின்றன. இப்படிக் கசியும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம் என்று மெக்கானிக்குகள் எடுத்துக்கொள்வார்கள். 50 மில்லி ஆம்பியர் ஒரு நாள் முழுக்கக் கசிந்தால் 1.2 ஆம்பியர்-மணி. குடும்பத்தோடு இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர்-மணி காணாமல் போயிருக்கும். 35இல் அது பாதி.

நாடே இதை ஒருமுறை பார்த்தது. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியபோது கார்கள் நின்ற இடத்திலேயே வாரக்கணக்கில் நின்றன. அவ்வப்போது இன்ஜினை ஓடவிடுங்கள், நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள் என்று கார் நிறுவனங்களே அறிவுரை வெளியிட வேண்டி வந்தது.

நிற்கிற காரில் உட்கார்ந்திருப்பது இன்னும் வேகமாகத் தின்னும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேன், பாட்டு, திரை எல்லாம் ஓடவிட்டால் 10 ஆம்பியர் வரை போகலாம். அப்படி ஒரு மணி நேரம் போனால் பேட்டரியில் கால் பங்குக்கு மேல் காலி.

வெளியே வாங்கிப் பொருத்தும் பொருட்கள் தனிக்கதை. வண்டி நின்ற பிறகும் படம் பிடிக்கும் டேஷ்கேம், ஜி.பி.எஸ். கருவி, கூடுதல் விளக்குகள் ஆகியவற்றை ஒயரை வெட்டி நேராக பேட்டரியில் இணைத்தால், காரின் கணினிக்குத் தெரியாமலே இரவெல்லாம் மின்சாரம் போகும். ஒயரிங்கை வெட்டினால் வாரன்டியிலும் சிக்கல் வரும்.

இன்னொரு காரணம், கார் வீட்டுக்கு வரும் முன்பே நடந்திருக்கும். தொழிற்சாலையில் இருந்து வந்த வண்டி யார்டில் மாதக்கணக்கில் வெயிலில் நின்றிருக்கலாம். ஷோரூமில் கதவைத் திறந்து வைத்து, திரையை ஓடவிட்டுப் பலருக்கும் காட்டியிருக்கலாம். புது வண்டியிலும் அரை உயிர் பேட்டரி இருப்பது இப்படித்தான். டெலிவரி எடுக்கும் நாளில் பேட்டரியின் தயாரிப்பு மாதத்தையும் வோல்டேஜையும் கேட்டுக் குறித்துக்கொள்வதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பேட்டரிக்கான வாரன்டி அட்டையையும் அப்போதே பார்த்து வாங்கிவிட வேண்டும்.

பிளாக் விட்டு பிளாக்

டவுன்ஷிப் வாழ்க்கையின் ஓட்டம் சின்ன ஓட்டம். குவார்ட்டர்ஸில் இருந்து வேலைக்கு, வேலையில் இருந்து மெயின் பஜாருக்கு, அங்கிருந்து கோயிலுக்கு என்று எல்லாம் சில கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஒருமுறை ஸ்டார்ட் செய்ய நூறு ஆம்பியருக்கு மேல் தேவைப்பட்டாலும் அது ஓரிரு விநாடிதான். அந்தச் செலவு சீக்கிரமே ஈடாகிவிடும். ஈடாகாதது, நாளெல்லாம் நின்றபோது கசிந்தது. ஈய பேட்டரி தொடக்கத்தில் வேகமாகவும் கடைசி இருபது சதவீதத்தில் மிக மெதுவாகவும் சார்ஜ் ஏற்றுக்கொள்ளும். ஐந்து நிமிட ஓட்டத்தில், ஏ.சி.யும் விளக்கும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது அந்தக் கடைசிப் பகுதியைத் தொடவே தொடாது.

நிரம்பாமலே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகும். புதிதாக இருக்கும்போது அவை கரைந்துவிடும், நாள்பட்டால் கல்லாகிவிடும். இறங்கிய பேட்டரி போன பேட்டரியாவது இங்கேதான்.

வெயில் இதை வேகப்படுத்துகிறது. கத்திரி நாட்களில் கடலூர் மாவட்டத்தின் உட்பகுதிகளில் 40 டிகிரி அடிக்கும். பானெட்டுக்குள் அதைவிட அதிகம். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி தானாகவே இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். குளிர்நாடுகளில் பனி பேட்டரியைப் படுக்கவைக்கும்; நம் ஊரில் வெயில் அதன் ஆயுளைத் தின்னும். டவுன்ஷிப்பில் நிழல் மரங்களுக்குப் பஞ்சமில்லை. வண்டியை அவற்றின் கீழே விடுவது பேட்டரிக்குச் செய்யும் உதவி. வாரம் ஒருமுறை ஆர்ச் கேட் வழியாக வெளியேறி பண்ருட்டி வரை போய்வந்தால், நிற்காத ஓட்டமாகக் கொஞ்ச நேரமாவது கிடைக்கும்.

12.6 என்ற எண்

இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். வண்டியை இரவு நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறந்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைக்க வேண்டும். 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் இன்றோ நாளையோ வாசலில் நிற்கப்போகிறது. இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் பொதுவாக 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டினால் டைனமோ நலம். சில புதுக் கார்களில் எரிபொருள் மிச்சத்துக்காகக் கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைப்பதால் எண் ஏறி இறங்கும், அது பழுதல்ல.

சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து எழும் வசதி உள்ள கார்களில் மீட்டர் இல்லாமலே ஒரு குறிப்பு கிடைக்கும். பேட்டரி இறங்கத் தொடங்கினால் பெரும்பாலும் அந்த வசதிதான் முதலில் நின்றுபோகும். இந்தக் கார்களுக்கென்று வலுவான பேட்டரி வகைகள் உண்டு. விலை குறைவென்று சாதாரண பேட்டரியைப் போட்டால் சீக்கிரம் கைவிடும்.

இறங்கியதை முழுதாக ஏற்ற, சார்ஜரில் மூன்று, நான்கு ஆம்பியரில் ஓர் இரவு வைப்பதே சரியான வழி. அப்படி ஏற்றியும் மறுநாளே இறங்கினால் சர்வீஸ் சென்டரில் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லி, முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாரன்டியில் மாற்றித் தரக் கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

பக்கத்து வீட்டுக் கார்

காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்றால் ஜம்பர் கேபிள்தான் வழி. சிவப்பு கிளிப் முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். பிறகு கறுப்பு கிளிப் நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி கறுப்பு கிளிப் இறங்கிய பேட்டரியில் அல்ல, அந்தக் காரின் பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில். இணைக்கும்போது சின்னப் பொறி பறக்கலாம். சார்ஜ் ஏறும் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கும் என்பதால் இந்த ஒழுங்கு. நல்ல காரைச் சில நிமிடம் ஓடவிட்டு, இறங்கிய காரை ஸ்டார்ட் செய்து, போட்ட வரிசைக்கு எதிர்வரிசையில் கழற்ற வேண்டும். நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்வது ஆட்டோமேட்டிக் கியர் கார்களில் நடக்காது.

மின்சாரக் காரிலும்

மின்சாரக் காருக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. சக்கரத்தை ஓட்டும் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், கதவையும் கணினியையும் எழுப்புவது பெரும்பாலான மின்சாரக் கார்களில் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். 2024 ஜூனில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. பெரிய பேட்டரியில் இருந்து சின்ன பேட்டரிக்கு சார்ஜ் அனுப்பும் கட்டுப்பாட்டுக் கருவியில் குறை இருக்கலாம், அதனால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடலாம் என்பதே காரணம். பெட்ரோல் காரில் டைனமோ செய்யும் வேலையை அந்தக் கருவி செய்கிறது. ஆகவே புது மின்சாரக் காரில் 12 வோல்ட் எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தால், ரீகால் பட்டியலில் வண்டி இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

உண்மையிலேயே பேட்டரி போய்விட்டால் பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும், விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைக்கின்றன. ஈயம் நரம்பைத் தாக்கும் விஷம். குழந்தைகள் உள்ள வீட்டின் பின்கட்டில் அது கிடக்கக் கூடாது.

பேட்டரியை நம்பியிருப்பது கார் மட்டுமல்ல. அனல்மின் நிலையம் எதுவானாலும் அதற்குள் ஒரு பேட்டரி அறை உண்டு. பெரும்பாலும் ஈய பேட்டரி செல்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். நிலையம் மொத்தமும் மின்சாரம் இழந்து நிற்கும் நேரத்தில் டர்பைனின் பேரிங்குக்கு எண்ணெய் அனுப்பும் அவசர பம்பும், பாதுகாப்பு ரிலேக்களும் இந்த செல்களை நம்பியே இருக்கின்றன. அதனால் அங்கே வோல்டேஜை அளந்து பதிவேட்டில் எழுதுவது வழக்கமான வேலை. அந்த வேலை தெரிந்தவர்கள் நெய்வேலியில் எத்தனையோ பேர். காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் சர்வீஸ் புத்தகத்தோடு ஒரு தாளை வைத்து, மாதம் பிறந்ததும் தேதியையும் வோல்டேஜையும் குறித்துவந்தால், 12.6 எந்த மாதம் 12.3 ஆனது என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். திரையில் எச்சரிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது.