தகரப் பலகையில் ஓர் ஆட்டம்

நாவிதன்வெளியில் என்னிடம் பௌதிகவியல் கற்கும் மாணவன் ஒருவன், சென்ற ஆண்டில் ஒருநாள் மாலை துணிப்பையொன்றுடன் என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். பைக்குள் இருந்தது, பழைய பிளேஸ்ரேஷன் விளையாட்டுப் பொறியின் கொன்ரோலர். வளைகுடா நாடொன்றில் வீட்டுப்பணி புரியும் அவனுடைய தாயார், அங்கே கழித்து விடப்பட்ட அப்பொறியைப் பிள்ளைகளுக்கென அனுப்பியிருந்தார். கூடவே நடன விளையாட்டுத் தட்டு ஒன்றும் வந்திருந்தது. மிதித்து ஆடுவதற்கான விரிப்பு மட்டும் வரவில்லை.

“சேர், இதைத் திறக்கலாமோ? பழுதாகினால் அம்மாவுக்கு என்ன சொல்லுறது?” என்றான்.

1986இல் யப்பானின் பண்டாய் நிறுவனம், நின்டெண்டோ பொறிக்கெனக் காலால் மிதிக்கும் விரிப்பொன்றை வெளியிட்டது. பின்னர் 1998இல் கொனாமி நிறுவனம் ‘டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்’ என்னும் ஆட்டத்தை விளையாட்டுக் கூடங்களில் அறிமுகஞ் செய்தது. மறு ஆண்டே அது பிளேஸ்ரேஷனுக்கும் வந்தது. திரையில் அம்புக்குறிகள் மேலெழும். தாளம் தப்பாது அவ்வத் திசையை மிதித்தல் வேண்டும். மத்தளத்துக்கு அடிவைத்துக் களரியில் ஆடும் நம் கூத்தர்க்கு இது பெரும் புதுமையன்று. அண்ணாவியார் நின்ற இடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி நிற்கின்றது, அவ்வளவே!

திசை விசையை மட்டும் கொண்டு விரல்களால் இதனை ஆட முயன்றால் ஓரிடத்தில் முட்டும். இடம், வலம் இரண்டையும் ஒருங்கே மிதிக்கும் கட்டங்கள் ஆட்டத்தில் உண்டு. விசையோ சிலுவை வடிவான ஒரே துண்டு. ஒருபுறம் தாழ்ந்தால் மறுபுறம் உயரும். ஆகவே பலகை செய்யத்தான் வேண்டும் என்று நானும் உடன்பட்டேன்.

அமைப்பு எளியது. கொன்ரோலரின் உள்ளே, விசையை அழுத்துங்கால் இறப்பரின் அடியிலுள்ள கரிப்பொட்டு இரு செப்புத் தடங்களை இணைக்கின்றது. அவ்விணைப்பை நாம் காலால் ஏற்படுத்த வேண்டும். ஒட்டுப்பலகையின் மேல் ஒரு தகரம், அதன் ஓரங்களில் ஸ்பொஞ்சுப் பட்டை, அதற்கு மேல் இன்னொரு தகரம். மிதித்தால் தகரங்கள் தொடும். காலை எடுத்தால் விலகும். கீழ்த் தகரங்கள் நான்கிற்கும் ஒரே பொதுக்கம்பி. மேல் தகரங்களுக்குத் தனித்தனிக் கம்பிகள். ஓடுவது சில வோல்ற்று மின்னே, அச்சத்துக்கு இடமில்லை.

அச்சம் வேறிடத்தில் வந்தது. பற்றாசு பிடிக்கும்போது அவன் சூட்டுக்கோலை ஒரு கணம் கூடுதலாக வைத்துவிட்டான். மயிரிழை போன்ற செப்புத் தடம் பலகையை விட்டு உரிந்தது. ‘கீழ்’ விசை செத்தது. பையனின் முகத்தைப் பார்க்க என்னால் இயலவில்லை. திறக்கச் சொன்னவனும் நானல்லவா? அன்றிரவு உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியபோது, அத்தடம் சற்றுத் தள்ளிப் பச்சைப் பூச்சின் கீழ் முறியாது ஓடுவதைக் கண்டோம். சவர அலகினால் பூச்சை மெல்லச் சுரண்டி, செம்பு மின்னிய இடத்தில் கம்பியைப் பொருத்தினோம். விசை உயிர்பெற்றது.

முதல் ஆட்டத்தில் மிதியாமலே அம்புகள் பதிவாயின. ஸ்பொஞ்சு மெலிந்தது, இரட்டிப்பாக்கியதும் சீராயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை, கைத்தொலைபேசித் திரையில் தாயார் பார்த்திருக்க, அவனுடைய தங்கை வெறுங்காலுடன் அப்பலகைமேல் ஏறி ஆடினாள். கொன்ரோலரைத் திறந்ததைப் பற்றித் தாயார் ஒரு சொல்லும் கேட்கவில்லை. “பிள்ளையின் காலைத் தகரம் வெட்டாதோ?” என்று மட்டுமே கேட்டார். மறுநாட் காலையில் மாணவன் ஓரங்களுக்கு ஒட்டுநாடா வாங்குவதற்காகக் கிட்டங்கி வழியே கல்முனைக்குச் சைக்கிள் மிதித்தான்.