பனியில் பலகை வழுக்குவது ஏன்?

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பிரெஞ்சுப் பகுதியில், கடல் மட்டத்திற்கு மேல் 2300 மீட்டர் உயரத்தில், வால் தொரான்ஸ் என்னும் ஊர் இருக்கிறது. ஐரோப்பாவின் பனிச்சறுக்கு ஊர்களுள் இதுவே மிக உயரமானது. குளிர்கால விடுமுறைக்கு இங்கே வருவோர், ரோப் காரில் மேலே ஏறி, இரு நீண்ட பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு சரிவில் சறுக்கி இறங்குவார்கள். மறுபடி ஏறுவார்கள்; மறுபடி இறங்குவார்கள். நாள் முழுதும் இதே வேலைதான்!

பலகை ஏன் வழுக்குகிறது? பனிக்கட்டிப் பாளத்தைக் கம்பி ஊடுருவிச் செல்லும் சோதனையைப் படித்த மாணவர் உடனே விடை சொல்வார்: "அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும். ஆகவே பலகையின் அடியில் பனி உருகி நீராகிறது." பல நூல்களும் இப்படியே எழுதி வந்திருக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போமே!

சறுக்குபவரின் எடை 700 நியூட்டன் என்க. ஒவ்வொரு பலகையும் 1.7 மீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலம் என்றால், இரண்டின் பரப்பு சுமார் 0.27 சதுர மீட்டர். அழுத்தம் 2600 பாஸ்கல். அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்கு. ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினாலே உருகுநிலை 0.0072 டிகிரிதான் குறையும். ஆக, இவரால் குறைவது 0.0002 டிகிரி! பூச்சியத்திற்குக் கீழே 10 டிகிரியில் கிடக்கும் பனியை இது என்ன செய்துவிடும்? பலகை பனித்துகள்களின் முனைகளை மட்டுமே தொடுவதால் அங்கே அழுத்தம் பன்மடங்கு என்று வாதிடலாம். ஆனால் தேவைப்படுவதோ ஆயிரம் வளிமண்டல அழுத்தத்திற்கும் மேல். அதற்கு முன்பே துகள் நொறுங்கிவிடும்.

சரியான வழியைக் காட்டியவர்கள் பௌடன், ஹ்யூஸ் என்ற இருவர். சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் மலை ஆய்வு நிலையத்தில் சோதனைகள் செய்து, 1939-இல் முடிவுகளை வெளியிட்டனர். பனியை உருக்குவது உராய்வு வெப்பமே என்றனர். வெப்பத்தை எளிதில் கடத்தும் உலோகம், கடத்தாத எபோனைட்டைவிட மோசமாக வழுக்கியது. உண்டாகும் வெப்பத்தை உலோகம் இழுத்துக்கொள்கிறது அல்லவா? உராய்வுக் கெழு 0.05, வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்று கொண்டால், பலகைகளின் அடியில் 350 வாட் வெப்பம் பிறக்கிறது. ஆறு அறுபது வாட் பல்புகளுக்கு ஏறக்குறையச் சமம்.

அப்படியானால் பனிக்கட்டியின் மேல் சும்மா நிற்பவரும் ஏன் வழுக்கி விழுகிறார்? பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் இயல்பாகவே உண்டு என்று ஃபாரடே 1850-லேயே கருதினார். மேற்பரப்பு மூலக்கூறுகள் உள்ளிருப்பவற்றைப் போல இறுகப் பிணைந்திருப்பதில்லை என்று இன்று அறிவோம். இந்தப் படலத்தின் பங்கு எவ்வளவு, உராய்வு வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்ற ஆராய்ச்சி இன்னும் ஓயவில்லை. கடுங்குளிரில் இரண்டுமே போதாமல் போகின்றன. அப்போது பனி, மணல் போலப் பலகையைப் பிடித்து இழுக்கும்.

நீர் மிகுந்தாலும் தொல்லைதான். ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோல், இளகிய பனியில் பலகை ஒட்டிக்கொள்ளும். இன்றைய பலகைகளின் அடியில் வெப்பத்தை எளிதில் கடத்தாத, நீரும் ஒட்டாத பாலிஎத்திலீன் இருக்கிறது. அதன்மேல் மெழுகும் பூசுகிறார்கள். அப்படியும் வசந்தகாலத்தில், வெயில் ஏறிப் பனி குழையுமுன் காலையிலேயே சரிவுக்குப் போய்விடுகிறார்கள் அனுபவசாலிகள்.